ஸ்டியரிங் ஆயில்

வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டிக் கிடப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட டிரைவர் இந்தச் சங்கரன்கோவிலில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

பதினாறு வருஷமாக என் பழைய வேனில் பூ மார்க்கெட்டிலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு ஓடுகிறேன். போன வருஷம் லேசாக வாதம் அடித்து வலது பக்கம் விழுந்துவிட்டது. எழுந்து நடந்துவிட்டேன், வாய்க்கோணலும் சரியாயிற்று, கைதான் முழுசாகத் திரும்பவில்லை. முழுப் பலம் வராமல் ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். அவர் சொல்லுவார், அவருக்கென்ன? பவர் ஸ்டியரிங் வண்டி, பஞ்சு மாதிரித் திரும்பும் என்று மூன்றாம் மாதமே ஏறி உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் சும்மா கிட என்றால் நான் செத்தே போவேன். அது என் வீட்டுக்காரிக்கும் தெரியும்.

இந்த வருஷம் வெயில் தொடங்கியதிலிருந்து ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. மார்க்கெட் வாசலில் வண்டியைத் திருப்புவதற்குள் சட்டை நனைந்துவிடும். மறைக்க என்ன இருக்கிறது, பயந்துதான் போனேன். கை போச்சோ? யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் காலையில் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஆயில். பானட்டைத் தூக்கிப் பார்த்தால் ஸ்டியரிங் ஆயில் டப்பா காலி. அந்த ஆயில் இல்லாவிட்டால் பவர் ஸ்டியரிங் கல்தான். "அட சனியனே, நீதானா!" என்று வண்டியை வைதேன். வைய வைய எனக்கு வயிறு குளிர்ந்தது.

ராஜபாளையம் ரோட்டில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருத்தன் இருக்கிறான். படுத்துப் பார்த்துவிட்டு, "ஆயில் போற ஹோஸ் வெடிச்சிருக்கு அண்ணாச்சி. பம்ப் சீலும் போச்சு. ஆயிலே இல்லாம எப்படித் திருப்புனிய?" என்றான்.

"எல்லாம் கை பலம்தாம்லே" என்றேன். அவன் சிரித்தான். அன்றைக்கு எனக்கு டீ இனித்தது.

பழைய மாடல், ஹோஸ் இங்கே கிடைக்கவில்லை. மதுரையிலிருந்து பஸ்ஸில் பார்சல் வர நாலு நாளாயிற்று. மாட்டி முடித்ததும் முன் சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி வைத்து, ஆயில் ஊற்றி, என்னை உட்காரச் சொன்னான். உள்ளே நிற்கும் காற்று வெளியேற ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்ப வேண்டும். திருப்பினேன். தரையைத் தொடாத சக்கரம், சும்மா வழுக்கிக்கொண்டு போயிற்று. ஆகா, பழைய கை வந்துவிட்டது என்று நினைத்தேன். மடப்பயல்!

மெக்கானிக் டப்பாவைக் குனிந்து பார்த்து, "ஒரு குமிழி கூட இல்ல அண்ணாச்சி" என்றான். வண்டியைக் கீழே இறக்கி, நின்ற இடத்திலேயே ஒற்றை விரலால் திருப்பிக் காட்டினான். "ஓட்டிப் பாருங்க" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

முதல் சந்தில் இடது பக்கம் திரும்ப வேண்டும். இடது கை கியரில் இருந்தது. வலது கையால் வளைத்தேன். பாதி வளைந்தது. அதற்கு மேல் விரல் பிடிக்கவில்லை, கை ஸ்டியரிங்கை விட்டு நழுவி மடியில் விழுந்தது. வண்டி நேரே எலுமிச்சம்பழத் தள்ளுவண்டியைப் பார்த்துப் போயிற்று. மெக்கானிக் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தான், நான் பிரேக்கில் ஏறி நின்றேன். பழக்காரர் எங்களை வைதது ஊருக்கே கேட்டிருக்கும்.

மெக்கானிக் இறங்கி முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "ஏர் இன்னும் நிக்குது போல அண்ணாச்சி. நாளைக்கு ஒருக்கா பாத்துருவோம்" என்றான்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் குமிழியே இல்லை என்றவன். என்மேல் இரக்கப்பட்டுப் பொய் சொல்லுகிறான். அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. இறங்கி இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். அவன்தான் வீடு வரைக்கும் ஓட்டி வந்தான்.

"ஒழுக்கு நின்னுட்டா?" என்று கேட்டாள் வீட்டுக்காரி.

"நின்னுட்டு. ஒரு சொட்டு இல்ல."

"அப்ப எதுக்கு அந்தத் தம்பி ஓட்டிட்டு வருது?"

"கைதாம்ட்டி. வண்டியில ஒண்ணுமில்ல" என்றேன்.

அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "காலையில மார்க்கெட்டுல பூ ஏத்தக் காத்துக் கிடப்பாவளே. இனி வண்டி வராதுன்னு போன் போட்டுச் சொல்லிருங்க" என்றாள்.

"நீயே சொல்லிருட்டி. என் வாயால அதச் சொல்ல முடியாது."