அறுபத்தொரு கிலோவில் முதல் ஆள்

ஏரல் பாலத்தை வெள்ளம் உடைத்ததே, அதற்கு அடுத்த கோடை. துறைமுக ரோட்டு எடைமேடையில் உப்பு லாரி நிறுக்கும் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். நரைத்த தலை, சட்டையெல்லாம் உப்புப்பொடி. லாரி வராத நேரமெல்லாம் செல்போனில், கம்பிக்கூண்டுக்குள் இருவர் அடித்து மோதும் கூண்டுச் சண்டை பார்ப்பார். அறுபத்தொரு கிலோ பிரிவில் யார் முதல், யார் இரண்டாவது என்று டிரைவர்களோடு மல்லுக்கட்டுவார்.

ஒருநாள் ஒரு டிரைவர் சீண்டினான்: "உம்ம மவனும் அந்த எடையிலதான சண்டைக்குப் போனான்? அவன் எத்தனாவது அண்ணாச்சி?"

"சண்டைக்கு முந்துன நாளு எடை காட்டுததுல அவந்தாம்ல முதல் ஆளு. அறுபத்தொண்ணத் தாண்டக்கூடாதுன்னு சொட்டுத் தண்ணி குடிக்காம, கம்பளியப் போத்திக்கிட்டு ஓடுனான். லாரியில எடை குறைஞ்சா ஏசுத நான், அவனுக்குக் குறையக் குறையச் சந்தோசப்பட்டேன். அறுபத்தொண்ணுன்னு காட்டிட்டு எறங்குனவன் அங்கனயே விழுந்து செத்துப்போனாம்ல."

அதற்குப் பிறகும் அவர் எப்படி அந்தச் சண்டையையே பார்த்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எடைக்காகப் பட்டினி கிடக்கும் பிள்ளைகள் யாரையாவது தெரிந்தால், தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.