மூன்று புட்டிகளில் மாற்றம் இல்லை

நான் மைக்ரோபயாலஜி படிக்கப் போனதற்கு ஒரே காரணம், அதில் ஸ்கோப் இருக்கிறது என்று ஓசூரில் எல்லாரும் சொன்னதுதான். யாருக்கு இருக்கிறது, எந்த ஊரில் இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். மூன்றிலும் ஸ்கோப்புக்கு ஸ்கோப் என்றுதான் பெயர். இரண்டாயிரத்துக்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் முளைத்த தனியார் கல்லூரிகள் ஆளுக்கு நாலு மைக்ராஸ்கோப்பும் ஒரு ஃப்ரிட்ஜும் வாங்கிப் போட்டு இந்தத் துறையைத் திறந்தன. எனக்கு முன்னால் படித்து முடித்த அக்காக்களில் பாதிப் பேர் ரத்தப் பரிசோதனை நிலையங்களில் உட்கார்ந்தார்கள். மீதிப் பேர் எல்லையைத் தாண்டி பெங்களூருக்குப் போய், அமெரிக்கர்களின் கிரெடிட் கார்டு சந்தேகங்களைப் போனில் தீர்த்துவைத்தார்கள்.

எனக்கு மட்டும் புத்தி வேறு பக்கம் போனது. எம்.எஸ்ஸி. முதலாண்டில் எங்கள் துறைத் தலைவர், கடலின் தரைக்கும் கீழே, சேற்றுக்குள் புதைந்து வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அங்கே வெளிச்சம் கிடையாது, காற்று கிடையாது, சாப்பாடு பேருக்குத்தான். அவை சாகவும் சாகாது, அவசரப்பட்டுப் பெருகவும் பெருகாது. ஒன்று இரண்டாகப் பிரிவதைப் பார்க்க நம் ஆயுசு போதாமல் போகலாம் என்றார். எனக்குப் புல்லரித்தது.

"இந்த ஃபீல்டுல பயங்கர ஸ்கோப்பு இருக்குதும்மா. கப்பல்ல போலாம், வெளிநாடு போலாம், மருந்துக் கம்பெனிக்காரன் தேடிக்கினு வருவான்," என்று முடித்தார். அவர் மத்தூர்க்காரர். கடலை அவர் பார்த்ததே கல்லூரிச் சுற்றுலாவில்தான்.

ஆனால் அவர் வெறும் வாய்ச்சொல் வீரர் இல்லை. அவரோடு படித்த ஒருவர் கடற்கரை ஊர் ஒன்றில் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானியாக இருந்தார். கப்பலில் போய்க் கடல் தரையைத் துளைத்து எடுத்த சேற்றின் மிச்சம், அவர் தயவில், மூன்று புட்டிகளில் அடைத்து எனக்கு வந்து சேர்ந்தது. ஊசி மருந்துப் புட்டி மாதிரி, அதைவிடக் கொஞ்சம் பெரிது. வாயில் தடித்த ரப்பர் மூடி, அதைச் சுற்றி அலுமினிய வளையம், உள்ளே கறுப்புச் சேறு. பத்து மாதம் திறக்காமல் குளிரில் வைத்திருந்து, பிறகு அந்த நிலையத்துக்குக் கொண்டுபோய், உள்ளே வாயு உண்டாகியிருக்கிறதா என்று அவர்களுடைய மெஷினில் பார்க்க வேண்டும். வாயு இருந்தால், உள்ளே ஏதோ உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதே சமயத்தில் அங்கே ஆராய்ச்சி உதவியாளர் இடம் ஒன்று காலியாகப் போகிறது. "புட்டியோட இன்டர்வியூவுக்கு வரட்டும்" என்று விஞ்ஞானி சொல்லியிருந்தார். நான் ஓசூரை விட்டுக் கடலுக்குப் போக எனக்கிருந்த ஒரே டிக்கெட் அந்த மூன்று புட்டிகள்.

டிக்கெட்டைக் கல்லூரி ஃப்ரிட்ஜில் வைத்தேன். இரண்டாவது வாரமே கல்லூரியை ஆய்வு செய்ய ஒரு குழு வருவதாகச் செய்தி வந்தது. குழுவினர் குடிக்கும் ஜூஸ் குளிர்ச்சியாக இருக்க வேண்டுமல்லவா? ஃப்ரிட்ஜ் முதல்வர் அறைக்குப் போனது, போனது போனதுதான். புட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

என் அம்மா கோவில்பட்டிப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவள். ஓசூர்க் குளிரில் மாவு புளிக்க மறுப்பதை அவள் தனக்கு எதிரான சதியாகவே நினைத்தாள். "இந்த ஊர்ல மாவே பொங்க மாட்டேங்குது, உன் சேறா பொங்கப் போகுது?" என்று கேட்டுவிட்டு, புட்டிகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

அப்பாவின் கேள்வி ஒன்றே ஒன்று. "இந்த வேலை பர்மனன்ட்டா தாயி?"

"இல்லப்பா. புராஜெக்ட் இருக்கற வரைக்கும்."

"அப்ப காண்ட்ராக்ட். பச்சைச் சட்டை."

அப்பா இன்ஜின் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் என்றால் தொப்பி போட்ட இன்ஸ்பெக்டர் இல்லை. மெஷினில் இருந்து வரும் ஒவ்வொரு உருப்படியையும் அளந்து பார்த்து, ஓகே அல்லது ரிஜெக்ட் என்று ஒதுக்குகிறவர். அவர்கள் கம்பெனியில் நிரந்தரக்காரர்களுக்கு நீலச் சட்டை, காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பச்சை. உலகத்தில் உள்ள வேலைகள் அத்தனையையும் அவர் இந்த இரண்டு நிறத்தில்தான் பிரித்து வைத்திருந்தார். பதினேழு வருடம் படித்த மகள் பச்சைச் சட்டைக்கு ஆசைப்படுவது அவருக்கு விளங்கவே இல்லை.

அந்த வருடம் கம்பெனிக்கு ஃபைவ் எஸ் பைத்தியம் முற்றியிருந்தது. ஜப்பான்காரர்களிடமிருந்து வந்த முறை அது: வேண்டாததை எடுத்துவிடு, வேண்டியதை ஒழுங்காக வை, துடை, தினமும் செய், மறக்காதே. பயன்படாத பொருளில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள். ஏழு நாளில் யாரும் வந்து 'இது என்னுடையது, வேண்டும்' என்று எழுதிக் கொடுக்காவிட்டால் பொருள் வெளியே. இதை ஷெட்டோடு விட்டிருக்கலாம். 'வீட்டிலும் ஃபைவ் எஸ்' என்று தொழிலாளர் குடும்பங்களுக்குப் போட்டி வைத்தார்கள். கமிட்டி வீடு வீடாக வந்து பார்க்குமாம்.

அப்பா ஒரு கட்டுச் சிவப்பு அட்டையோடு வீட்டுக்கு வந்தார். ஓடாத ரேடியோவில் ஒன்று, கால் ஆடும் ஸ்டூலில் ஒன்று, அம்மாவின் கல்யாணப் பட்டில் ஒன்று. 'கடைசியாகப் பயன்படுத்திய நாள்' என்ற இடத்தில் என் அத்தை கல்யாணத் தேதியை எழுதியிருந்தார். அம்மா அந்த அட்டையைப் பிய்த்து அடுப்பில் போட்டாள். எழுத்துமூலம் கொடுக்காவிட்டாலும் அந்தக் கோரிக்கையை அப்பா உடனே ஏற்றுக்கொண்டார்.

நான் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கல்லூரியின் என்.எஸ்.எஸ். முகாமுக்கு ஜவளகிரிக்குப் போனேன். ஏழு நாள் முகாம். காட்டோரம், செல்போனில் ஒரு கோடுகூட ஏறாது.

திரும்பி வந்தபோது கூடத்தில் புது ஹாட்பாக்ஸ் இருந்தது. முதல் பரிசு. வீடு பளபளவென்று, யாரோ காலிசெய்துவிட்டுப் போன வீடு மாதிரி இருந்தது. தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனேன். அலமாரியில், சுத்தமாகக் கழுவித் துடைத்து, கம்ப்யூட்டரில் அடித்த லேபிள் ஒட்டி, மூன்று புட்டிகள்: ஏலக்காய், கிராம்பு, பட்டை.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா ஓடிவந்தார். அவர் என்னவோ சாவு என்று நினைத்துக்கொண்டார். எனக்கு அப்படித்தான் இருந்தது.

"சேறு எங்கப்பா?"

"ரோஜாத் தொட்டில போட்டேன். சத்துத்தானே."

"யாரைக் கேட்டுத் திறந்தீங்க?"

"நீ கேம்ப்புக்குப் போறதுக்கு மூணு நாள் முன்னாலயே அட்டை கட்டிட்டேன் தாயி. ஏழு நாள் தொங்குச்சு. ஒருத்தரும் கிளெய்ம் பண்ணல." அப்பாவுக்குக் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை. "அதோட அது டிஃபெக்ட் ஆயிருச்சு. ரெண்டாம் நம்பர்ல ரப்பர் உப்பிருச்சு. லீக் ஆகி மாவுல கலந்தா என்னாகும்? எல்லாம் எழுதி வச்சிருக்கேன், பாத்துக்கோ."

ஃப்ரிட்ஜ் மேல் எப்போதும் இருக்கும் நீள நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஏதோ கம்பெனி நோட்டு என்று நான் அதைப் பிரித்துப் பார்த்ததே இல்லை. புட்டிகள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் அவற்றைச் சோதித்திருந்தார். கம்பெனிப் படிவம் போலவே கட்டம் கட்டியிருந்தார்: தேதி, நேரம், ஃப்ரிட்ஜ் உள்வெப்பம், கரண்டு போன நேரம், வந்த நேரம், ஒன்று, இரண்டு, மூன்று. பக்கம் பக்கமாக 'மாற்றம் இல்லை, மாற்றம் இல்லை, மாற்றம் இல்லை.' ஏழாவது மாதத்தில் இரண்டாம் புட்டிக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு வரி: 'மூடி மேல் ஸ்டீல் ஸ்கேல் வைத்தால் ஆடுகிறது.' அதிலிருந்து தினமும் ஸ்கேலுக்கும் புட்டியின் விளிம்புக்கும் நடுவே மெல்லிய அளவுத் தகடுகளைச் சொருகிப் பார்த்திருக்கிறார். வாரம் போகப் போகத் தடித்த தகடு நுழைந்திருக்கிறது. மற்ற இரண்டு புட்டிகளிலும் ஸ்கேல் அசையவில்லை.

நோட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே வாயு சேர்ந்தால் ரப்பர் உப்பும். கடலுக்கடியிலிருந்து வந்தது எங்கள் வீட்டு இட்லி மாவுக்குப் பக்கத்தில் உயிரோடு இருந்திருக்கிறது. சும்மா இருந்த வரைக்கும் அதை யாரும் தொந்தரவு செய்யவில்லை. வேலை செய்யத் தொடங்கியதும் ரிஜெக்ட் ஆகிவிட்டது. இதை அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இன்டர்வியூவுக்கு நாலு நாள் இருந்தது. நான் செய்த காரியத்தைச் சொல்லத்தான் வேண்டும். புது நோட்டு வாங்கி, அப்பா எழுதியதை முழுவதும் என் கையெழுத்தில் நகல் எடுத்தேன். 'சோதித்தவர்' என்ற கட்டத்தில் அவர் கையெழுத்துக்குப் பதில் என்னுடையதைப் போட்டேன். கடைசியில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் பத்து மாதமும் காலியாகக் கிடந்தது. கம்பெனிப் படிவத்தின் பழக்கதோஷம் என்று அதை விட்டுவிட்டேன்.

கடற்கரை ஊரில் மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் எங்கள் துறைத் தலைவரின் நண்பரான விஞ்ஞானி. மற்றவர் அவருக்கு மேலதிகாரியான ஒரு அம்மா, மூக்குக் கண்ணாடியும் கதர்ப் புடவையுமாக. புட்டிகள் உடைந்துவிட்டன என்று சொல்லி நோட்டை நீட்டினேன். அந்த அம்மா நிதானமாகப் புரட்டினார்.

"முதல் வாரம் பூரா காலைல அஞ்சரைக்குப் பார்த்திருக்கீங்க. அடுத்த வாரம் மத்தியானம் ஒண்ணே கால். அதுக்கடுத்த வாரம் ராத்திரி ஒன்பதே முக்கால். மறுபடியும் அஞ்சரை. பத்து மாசமும் இப்படியே சுத்துது. இது என்ன முறைம்மா?"

ஷிப்ட். ஒவ்வொரு வாரமும் அப்பா வேலைக்குக் கிளம்பும் நேரம். நாலு நாள் உட்கார்ந்து நகல் எடுத்த மண்டையில் அது உறைக்கவே இல்லை. எங்கள் பேட்டையில் எல்லா வீட்டிலும் வாரம் அப்படித்தான் சுற்றும்.

"இங்க ஒண்ணு இருக்கே," என்று அவர் வாசித்தார். "'வார விடுமுறை. இருந்தாலும் பார்க்கப்பட்டது.' உங்களுக்கு யாரும்மா வார விடுமுறை குடுத்தது?"

அசிங்கமாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று பையில் கொண்டுவந்திருந்த அசல் நோட்டை எடுத்து மேஜையில் வைத்து, சிவப்பு அட்டை முதல் ஏலக்காய் வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். விஞ்ஞானி கல்யாணப் பட்டில் சிரிக்கத் தொடங்கியவர் ஹாட்பாக்ஸில்தான் நிறுத்தினார். அந்த அம்மா சிரிக்கவில்லை. அசலைக் கடைசிப் பக்கம் வரை பார்த்தார்.

"கரண்டு போனதால உப்பியிருக்கும்னு சொல்லலாம்னு பார்த்தேன். ஆனா அதே ஃப்ரிட்ஜ்ல மத்த ரெண்டும் உப்பல," என்றார். "புட்டி இல்லாம இதை வெச்சு ஒரு வரிகூட எழுத முடியாது. அது வேற விஷயம். நீங்க எத்தனை தடவை பார்த்தீங்க?"

"முதல்ல மாசத்துக்கு ஒரு தடவை, மேடம். கடைசி மூணு மாசம் பார்க்கல."

"ஒண்ணுமே நடக்காத புட்டியைத் தினமும் அலுக்காமப் பார்க்கிறதுதான் இங்க வேலையே. எனக்கு இவர்தான் வேணும்."

"வர மாட்டார் மேடம். அவர் பர்மனன்ட்."

அப்போதுதான் அவர் சிரித்தார். "சரி, அப்ப நீங்க வாங்க. ஆனா இனிமே உங்க கண்ணால பார்த்ததை மட்டும்தான் எழுதணும்," என்றார். தலையை ஆட்டினேன். சந்தோஷமும் வெட்கமும் சேர்ந்து வந்ததில் நன்றி சொல்லக்கூட மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏதோ கோபம் இன்னும் மிச்சமிருந்தது. ரப்பர் ஏன் உப்பியது என்பதை வேண்டுமென்றே விளக்கமாகச் சொன்னேன். பச்சைச் சட்டை என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

"அப்ப நல்ல பீஸையா ரிஜெக்ட் பண்ணியிருக்கேன்?" என்றார்.

இருபத்தைந்து வருடத்தில் ஒரு நல்ல உருப்படியைக்கூட ஒதுக்கியதில்லை என்பது அவருடைய பெருமை. கேட்டிருக்க வேண்டாத கேள்வியைக் கேட்டுவிட்ட மாதிரி அவர் முகம் சுருங்கியது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

நோட்டை வாங்கி, கடைசியாக எழுதிய பக்கத்தைத் திருப்பினார். 'இரண்டு: டிஃபெக்ட்' என்பதை ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்தார். அதன் கீழே 'ஓகே. இன்ஸ்பெக்டர் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதி இட்டார். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பி, காலியாகக் கிடந்த கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது உனக்குன்னுதான் விட்டது. பத்து மாசத்துல ஒரு நாளும் நீ போடல."

பேனாவை வாங்கினேன். மேலே அத்தனை வரிகளிலும் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. எல்லாவற்றிலும் போடச் சொல்லித்தான் அவர் கொடுத்தார். அவர் இப்போது திருத்திய அந்த ஒரு வரிக்கு மட்டும் போட்டேன். அவர் எழுதி நான் கண்ணால் பார்த்தது அது ஒன்றைத்தான்.