பின்னுக்கு ஆர் நிக்கிறது

என் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு துணித்துண்டு இருக்கிறது. இரண்டு விரல் அகலம், இரண்டு முழ நீளம். ஒரு காலத்தில் அரக்கு நிறம். இப்போது என்ன நிறம் என்று சொல்லத் தெரியவில்லை. அக்காவின் பழைய சேலைக் கரையிலிருந்து கிழித்தது. அக்காவின் கணவர், என் அத்தான், பந்தடிக்க இறங்கும்போதெல்லாம் இதை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொள்வார். அந்தக் காலத்துப் பந்து தோல்பந்து. உள்ளே காற்றுப்பையைத் திணித்து, வாயை வார் போட்டு இழுத்துக் கட்டுவோம். மழையில் நனைந்தால் கல்லுப் போலக் கனக்கும். அந்த வார் முடிச்சு நெற்றியில் பட்டால் தோல் கிழிந்துவிடும். எங்கள் குழுவில் தலையால் பந்தை அடிக்கப் பயப்படாதவர் அத்தான் ஒருவர்தான். பெண்சாதியைத் தலையில் கட்டிக்கொண்டு விளையாடுகிறார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவர் சிரித்துக்கொண்டே முடிச்சை இன்னொரு தரம் இறுக்குவார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, விசுவமடுப் பக்கம் காடு வெட்டிய காணிகளில் குடியேறியவர்கள் நாங்கள். முதல் வருடம் கொட்டில் போட்டோம், இரண்டாம் வருடம் கிணறு வெட்டினோம், மூன்றாம் வருடம் பந்தடிக்க ஒரு வெளியைத் துப்புரவாக்கினோம். கோல் கம்பங்களுக்குப் பாலைமரம் தறித்தோம். குறுக்கே போட நேரான மரம் அகப்படாமல் ஒரு வருடம் கயிறுதான் கட்டியிருந்தது. பந்து கயிற்றுக்கு மேலால் போனதா கீழால் போனதா என்று நாங்கள் பிடித்த சண்டைகளை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. காலில் நல்ல ஓட்டமும் வாயில் அதைவிட நல்ல ஓட்டமும் இருந்தபடியால் என்னைக் கப்டனாக்கியிருந்தார்கள். நான் முன்வரிசை. என்னைவிட ஏழு வயது மூத்த அத்தான் எங்கள் கோலுக்கு முன்னால் நின்று வருகிறவனை மறிக்கும் பின்வரிசைக்காரர். ‘பாக்’ என்று சொல்வோம்.

அத்தான் அதிகம் ஓடமாட்டார். பந்தோடு வருகிறவனின் காலைப் பார்க்கமாட்டார், இடுப்பைப் பார்ப்பார். கால் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது என்பது அவரது கணக்கு. அவன் எந்தப் பக்கம் திரும்புவானோ அந்தப் பக்கம் ஓரடி எடுத்து வைப்பார், அவ்வளவுதான், பந்து அவர் காலில் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அதில் ஒரு புதினமும் விசேசமும் இல்லை. அந்த வருடம் இறுதி ஆட்டம் வரை எங்கள் கம்பங்களுக்குள் ஒரேயொரு கோல்தான் விழுந்திருந்தது. ஆனால் கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் தொங்கிய கரும்பலகையில் ஒவ்வொரு ஆட்டம் முடியவும் கோல் போட்டவரின் பெயரைத்தான் எழுதுவார்கள். என் பெயர் மழைக்கு அழிந்து அழிந்து திரும்ப எழுதப்பட்டது. அத்தானின் பெயர் அந்தப் பலகையில் ஒருநாளும் ஏறவில்லை. போடாத கோலை எப்படி எழுதுவது என்று கடை மனேச்சர் கேட்டார். நியாயமான கேள்விதான், நானும் சிரித்தேன்.

கிண்ணம் வெல்லுவது முன்வரிசையாலா பின்வரிசையாலா என்று எனக்கும் அவருக்கும் ஓயாத வாக்குவாதம். இரண்டு பேருடைய வயலும் அடுத்தடுத்து இருந்தன. நான் என் வரம்பில் நிற்பேன், அவர் தன் வரம்பில் நிற்பார், கதை நடுவில் ஓடும்.

"கோல் போடாமல் ஆர் அத்தான் கிண்ணம் தூக்கினது?" என்பேன்.

"கோல் விடாமல் நிண்டால் தோக்கேலாது தம்பி. தோக்காதவனுக்கு அரைக் கிண்ணமாவது வரும்" என்பார். பிறகு, பன்றி நுழையாமல் தான் முட்கிளைகளால் அடைத்திருந்த அலம்பல் வேலியைக் காட்டி, "வயல் விளைஞ்சால் எல்லாரும் வந்து பாப்பினம். வேலி நிண்டதை ஆர் பாக்கிறது?" என்று சொல்லிவிட்டுக் குனிந்து களை பிடுங்கத் தொடங்குவார்.

அரைக் கிண்ணம் என்று அவர் சொன்னது சும்மா இல்லை. எங்கள் பகுதியில் அப்போது அப்படி ஒரு வழக்கம் இருந்தது. இறுதி ஆட்டம் சமமாக முடிந்தால் மேலதிக நேரம் கிடையாது, மறு ஆட்டமும் கிடையாது. லொறி பிடித்து வந்த சனம் பொழுது படுவதற்குள் வீடு போகவேண்டும். ஆகவே கிண்ணம் இரண்டு பேருக்கும் பொது. ஆறு மாதம் ஒரு ஊரில், ஆறு மாதம் மற்ற ஊரில். நாணயம் சுண்டி, முதல் ஆறு மாதம் யாருக்கு என்று பார்ப்பார்கள்.

அந்த வருட இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிராக வந்தவர்கள், நாங்கள் வருமுன்பே அந்தப் பகுதியில் பரம்பரையாக வாழ்ந்த பழைய ஊர்க்காரர். எங்களை ‘வந்தான் வரத்தான்’ என்று சொல்லுகிறவர்கள். நாங்களும் அவர்களைச் சொல்லாத சொல் இல்லை, அதை இங்கே எழுதவேண்டாம். இடைவேளை வரை ஒருவருக்கும் கோல் இல்லை. தண்ணீர் குடிக்கப் போகும்போது அவர்களுடைய கப்டன் என் தோளில் தட்டி, "அரைக் கிண்ணமாவது கிடைக்கும் போலை, சந்தோசப்படுங்கோ" என்றான். இப்போது யோசித்தால் அவன் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பான் போலிருக்கிறது. எனக்கு அன்றைக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தை மாதம் எங்கள் வாசிகசாலைத் திறப்பு விழா. அந்த மேசையில் முழுக் கிண்ணம் நிற்கவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது.

கடைசிப் பத்து நிமிடத்துக்குள் எங்களுக்கு ஒரு கோர்ணர் கிடைத்தது. மைதானத்தின் மூலையிலிருந்து பந்தை அவர்களுடைய கோலுக்கு முன்னால் தூக்கி அடிக்கலாம். உயரமான ஒரு தலை அங்கே இருந்தால் கோல். எங்களில் உயரமான தலை ஒன்றுதான் இருந்தது, அது மைதானத்தின் மற்ற அந்தத்தில் நின்றது. பின்வரிசைக்காரன் எதிராளியின் கோலடிக்குப் போவது அந்த நாளில் கேள்விப்படாத விடயம். நான் அவரிடம் ஓடினேன்.

"அத்தான், மேலை போங்கோ. தலையாலை அடியுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு கையை உயர்த்தி, தனக்குப் பின்னால் கிடந்த வெறும் வெளியைக் காட்டினார். "அப்ப பின்னுக்கு ஆர் நிக்கிறது?"

"நான் நிக்கிறன்."

"நீயோ?"

"ஓம், நான்தான். கெதியாப் போங்கோ."

அவர் துணி முடிச்சை இறுக்கிக்கொண்டு போனார். அந்த நீண்ட கால்களால் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. சனம் போட்ட சத்தத்தில் எங்கள் பேச்சு வேறு ஒருவர் காதிலும் விழவில்லை.

நான் நின்றேன். கொஞ்ச நேரம் நின்றேன். மூலையில் நின்றவன் பந்தை வைத்துச் சரி பார்த்தான், பின்னால் நடந்தான். அந்த நேரத்துக்குள் என் கால்கள் தாமாக முன்னுக்கு நகரத் தொடங்கின. கால்களைக் குற்றம் சொல்லி என்ன பயன், போனது நான்தான். அத்தான் தலையால் அடித்துக் கோல் விழுந்தால் அவருடைய பெயர் பலகையில் ஏறும் என்ற எண்ணம் எனக்கு ஓடியதா என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். இல்லை என்று சத்தியம் பண்ண முடியவில்லை. பந்து எழும்பியபோது நான் அவர்களுடைய கோலுக்கு முன்னால் நின்றேன். அத்தான் துள்ளினார். அதே பந்துக்கு நானும் துள்ளினேன். பந்து இரண்டு பேருடைய தலையிலும் அரைகுறையாக உரசி, அவர்களில் ஒருவன் காலடியில் விழுந்தது. அவன் ஒரே அடியாக நீளத்துக்கு அடித்தான். அவர்களுடைய முன்வரிசைக்காரன், மெலிந்த பொடியன், தனியாக ஓடினான். மறிக்க அந்தப் பாதி மைதானத்தில் கோல் காக்கும் கோலியைத் தவிர ஒருவரும் இல்லை. எங்கள் கோலி முன்னால் ஓடி வந்து விழுந்தான். பந்து அவனைத் தாண்டி, அவசரமே இல்லாமல் உருண்டு உள்ளே போனது. பின்னால் அத்தான் ஓடிக்கொண்டிருந்தார். நெற்றித் துணி நழுவிக் கழுத்தில் தொங்கியது. பந்து உள்ளே போன பிறகும் அவர் ஓட்டத்தை நிறுத்தவில்லை, கோல் கம்பத்தைப் பிடித்துத்தான் நின்றார்.

அந்த ஒரு கோலோடு முழுக் கிண்ணமும் அவர்களுக்குப் போனது. சனம் கண்டது இவ்வளவுதான்: முன்வரிசைக்காரன் முன்னுக்கு நின்றான், அது அவன் வேலை. பின்வரிசைக்காரனும் முன்னுக்கு நின்றான், அதுதான் பிழை. திரும்பி வரும்போது லொறியில் ஒருவர், "பாக் மேலை போனால் பின்னாலை கோல் விழாமல் பூவோ விழும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் ஒரு தரம் என்னைப் பார்த்தார். நான் லொறியின் பின்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாய் திறந்தால் நானும் ஒத்துக்கொள்வேன் என்று காத்திருந்தேன். அவர் திறக்கவில்லை. அன்றைக்குச் சொல்ல வெட்கம். அடுத்த நாள் சொன்னால் ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம். மூன்றாம் நாள் அது பழங்கதையாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அது பழங்கதையாகவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்புக்கு ஒருவரைத் தெரிவு செய்யக் கூட்டம் நடந்தது. முறை வரும்போது வாய்க்கால் மதகான துருசைத் திறப்பதும் பூட்டுவதும் அவர் கையில். அத்தானைத்தான் போடுவார்கள் என்பது ஊரறிந்த விடயம். அவரும் அதை மனதார விரும்பினார். எங்கள் வயல்கள் வாய்க்காலின் கடைசியில் இருந்தன; மேலே உள்ளவர்கள் தண்ணீரை மறித்தால் எங்களுக்கு ஈரம்கூட வராது. தான் வந்தால் கடைசிக் காணிக்கு முதல் தண்ணீர் விடுவேன் என்று அவர் சொல்லிவந்தார். கூட்டத்தில் அவருடைய பெயர் வந்தபோது மேல் வாய்க்கால்காரர் ஒருவர் எழும்பி, "காவலை விட்டிட்டுக் கோல் போட ஓடுற மனுசன் துருசடியிலை நிப்பாரோ?" என்று கேட்டார். மறுபடியும் சிரிப்பு. கேட்டவரின் அண்ணருக்கே அந்தப் பொறுப்பு போனது. நான் இரண்டாம் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எழும்பி ஒரு வசனம் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். நான் எழும்பவில்லை.

தண்ணீர் வராமல் அந்தச் சிறுபோக நெல் கதிர் தள்ளுமுன், பொத்திப் பருவத்திலேயே கருகியது, அவருடையதும் என்னுடையதும். அக்கா வாளியால் கிணற்றுத் தண்ணீர் அள்ளி வரம்போரத்து நெல்லுக்கு ஊற்றினா. அது ஆகாத காரியம் என்று தெரிந்தும் ஊற்றினா. ஊற்றிக்கொண்டே அத்தானைத் திட்டிப் பேசினா. "பந்தடியிலை ஒரு நிமிசம் நிண்ட இடத்திலை நிக்கத் தெரியாமல் பேரைக் கெடுத்துப்போட்டு, இப்ப வானத்தைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ." அத்தான் வாளியை வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் பந்தடிக்க இறங்கவில்லை. வயல் வரம்பில் எங்கள் வாக்குவாதமும் நின்றுபோனது.

அவர் என்னோடு கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டது அவர்தான். பல வருடங்களுக்குப் பிறகு, அவருடைய மகன் வளர்ந்து பந்தடிக்கத் தொடங்கிய காலத்தில், ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் கேட்டான்: "அப்பா, அண்டைக்கு நீங்கள் ஏன் மேலை போனனீங்கள்?" நானும் பக்கத்தில் இருந்தேன். அத்தான் என் பக்கம் திரும்பாமலே, "ஆசைதான் மேனை. எனக்கும் ஒருக்கால் கோல் போட ஆசை வந்திட்டுது" என்றார். அக்கா குசினிக்குள்ளிருந்து, "நல்ல ஆசை" என்றா. என்னை மறைக்கத்தான் அப்படிச் சொன்னாரா, உண்மையிலேயே அப்படி ஓர் ஆசை அவருக்கு இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டில் எதை நினைத்தாலும் மனம் குமைகிறது.

பிறகு எத்தனையோ இடப்பெயர்வு. அத்தான் ஒரு மாசி மாதம் படுக்கையில் விழுந்து, பங்குனியில் போய்விட்டார். அந்த ஒரு மாதமும் நாள் தவறாமல் போய் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். மழையைப் பற்றிக் கதைத்தேன், நெல்லைப் பற்றிக் கதைத்தேன். இதைத் தவிர எல்லாவற்றையும் கதைத்தேன்.

போன வருடம் அக்கா வீட்டில் பேரப்பிள்ளைகள் தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிண்ணம் வெல்ல அடிக்கிறவன் முக்கியமா, தடுக்கிறவன் முக்கியமா என்று அவர்களுக்குள் வாய்ச்சண்டை. ஒருத்தன் என்னிடம் திரும்பி, "தாத்தா, நீங்கள் கப்டனா இருந்தனீங்களாமே, நீங்கள் சொல்லுங்கோ" என்றான். நான் எழும்பி உள்ளே போனேன். அக்கா கட்டிலில் இருந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தா. பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு, கோர்ணரிலிருந்து கூட்டம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அக்கா இடிப்பதை நிறுத்திவிட்டிருந்தா. "அவர் உன்னட்டைக் கேட்டவரோ, பின்னுக்கு ஆர் நிக்கிறது எண்டு?"

"ஓம்."

"நீ என்ன சொன்னனீ?"

அப்போதுதான் சொல்லியிருந்தேன். ஆனாலும் அவா திரும்பக் கேட்டா. "நான் நிக்கிறன் எண்டு சொன்னனான், அக்கா."

அவா அழவில்லை. என்னைப் பேசவுமில்லை. "செத்த மனுசனை நான் எவ்வளவு பேசிப்போட்டன்" என்று மெல்லச் சொன்னா. பிறகு கட்டிலுக்குக் கீழிருந்த தகரப் பெட்டியை இழுத்து, அடியில் கை விட்டுத் தடவினா. எல்லா ஓட்டத்திலும் அவா கூடவே காவித் திரிந்த பெட்டி அது. இந்தத் துணித்துண்டை எடுத்து, மடித்து, என் கையில் வைத்தா.

"இது என்னட்டை இருக்கக் கூடாது, தம்பி. நானும் அவரோடை நிக்கேல்லை."

நான் வாங்கிக்கொண்டு வந்தேன். முடிச்சு விழுந்த இடத்தில் துணி இன்னும் சுருங்கியபடியே இருக்கிறது. ஒருநாள் அதை எடுத்து என் நெற்றியில் வைத்துப் பார்த்தேன். கட்டவில்லை, மடித்துத் திரும்ப மேல்தட்டில் வைத்துவிட்டேன்.