கால்குலேட்டர் இல்லையென்று நின்றுபோன இமேஜ்

கம்ப்யூட்டரைக் கண்விழிக்க வைக்கும் பூட் இமேஜ் கட்டுகிற தொழிலில், என்னென்ன வேண்டும் என்று யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள், இல்லாதபோதுதான் சொல்வார்கள். இதே வேலையில் மாட்டிக்கொண்டு தவிக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாட்டாத புண்ணியவான்களுக்காக மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவின் கோலா சிலாங்கூரில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி சுப்பையா, ஹாஜா, நான், மூன்றே பேர். எண்ணெய் பிழியும் செம்பனை மில்லுக்குப் பழம் ஏற்றி வரும் லோரியை எடை போடும் மேடையை எங்கள் பக்கத்தில் திம்பாங் என்பார்கள். அந்தத் திம்பாங்குக்குச் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கம்ப்யூட்டர் செய்து கொடுக்கிறோம். பெட்டியும் வயரும் ஹாஜா பொறுப்பு. கரண்ட் வந்ததும் அது விழித்து எடையைக் காட்டும்வரை தேவையான மென்பொருள் அத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது என் பொறுப்பு. அந்த மூட்டைதான் இமேஜ்.

கூட்டல் கழித்தல்

வேலைக்குச் சேர்ந்த புதிது. முதன்முதலாக இமேஜ் கட்ட விட்டுவிட்டு, கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். திரையில் சிவப்பு எழுத்து. பாதியில் நின்றிருந்தது. படித்துப் பார்த்தால், ‘bc’ இல்லையாம். அது என்ன பெரிய சமாச்சாரமோ என்று தேடினால், சாதாரணக் கால்குலேட்டர் புரோகிராம். சிஸ்டத்தின் அடிமடியில் இருக்கும் கெர்னல், நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்க ஒரு வகுத்தல் கணக்குப் போட வேண்டுமாம். அத்தனை கோடி கணக்குப் போடும் கம்ப்யூட்டருக்கு அந்த ஒரு கணக்குக்கு ஆள் தேவைப்பட்டது.

முதலாளி அந்தக் காலத்தில் திம்பாங் பழுது பார்த்தவர். இரும்பும் ஸ்பேனரும் தெரியும், மென்பொருள் தெரியாது. ஏன் நின்றது என்று வந்து கேட்டார். கால்குலேட்டர் இல்லாமல் நின்றுவிட்டது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் மேசைமேல் வைத்தார். “இதுல நல்ல கால்குலேட்டர் இருக்கு மா, வேலை முடிஞ்சதும் திருப்பிக் குடு.”

ஒரு ரொட்டி சானாய்

திம்பாங்கிலிருந்து வரும் எண்ணைப் படிக்க ஒரு குட்டி மென்பொருளைச் சேர்த்தோம். உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான். ஆனால் அதைக் கட்டப் போனால், தன்னைப் பற்றிய கையேட்டைத் தானே எழுத ஒரு மென்பொருள் கேட்டது. அந்த மென்பொருள், எழுத்தை அழகாக அச்சுக்கோக்க இன்னொன்றைக் கேட்டது. அந்த இன்னொன்று, உலகத்து எழுத்துருக்களையெல்லாம் வீட்டுக்கு அழைத்தது. எங்கள் இண்டர்நெட் லைனோ மழைக்கு முன்பே மூச்சுவிடத் திணறும் ஜாதி. காலையில் இறங்கத் தொடங்கியது மத்தியானம் வரை இறங்கிக்கொண்டே இருந்தது.

கையேடு வேண்டாம் என்று ஒரே ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்பது எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. மில்லில் யாரும் அந்தக் கையேட்டைப் படிக்கப் போவதுமில்லை. ஹாஜா, கீழே இருக்கிற கடைக்காரரின் மருமகன். அவனுக்கு உவமை எப்போதும் கல்லாப்பெட்டிப் பக்கமிருந்துதான் வரும். “ஒரு ரொட்டி சானாய் கேட்டதுக்கு, கோதுமை வயலையே வாங்கச் சொல்லுதே லா இது!”

வீடு மாறியவர்

ஒருநாள் காலை, முந்தின நாள் வரை ஒழுங்காகக் கட்டி வந்த இமேஜைக் கட்ட முடியவில்லை. நான் எதையும் மாற்றவில்லை. பார்த்தால், ஒரு சின்ன நூலகம், அதாவது மற்ற மென்பொருள்கள் இரவல் வாங்கும் ஒரு துண்டு நிரல், அது இருந்த இணைய முகவரியே காணோம். அதை எழுதியவர் எங்கோ குளிர் நாட்டில் ஒரே ஒருவர். ஓய்வு நேரத்தில் எழுதி, தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வைத்திருந்திருக்கிறார்.

தயங்கித் தயங்கி அவருக்கு மின்னஞ்சல் போட்டேன். மறுநாளே பதில் வந்தது. வீடு மாறிக்கொண்டிருக்கிறாராம். அந்தக் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு அட்டைப்பெட்டிக்குள், அநேகமாகச் சமையல் பாத்திரங்களுக்கு அடியில் இருக்கிறதாம். மன்னிப்புக் கேட்டு, நிரலையும் கூடவே அனுப்பியிருந்தார். நல்ல மனுசன். அன்றுமுதல் எல்லாவற்றிலும் ஒரு பிரதி எங்களிடமே வைத்துக்கொள்கிறேன். விஷயத்தைக் கேட்ட முதலாளி ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: “அப்போ இத்தனை மில்லு லோரியும், அந்த ஆளு சட்டி பானையை இறக்குறதுக்கா காத்துக்கிட்டு நிக்குது?”

தட்டினால்தான் எழும்

ஈஜோக் பக்கத்து மில் ஒன்று எங்களுக்குப் பெரிய வாடிக்கை. அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டால் மேல்மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான். அங்கே புதுப் பெட்டியைப் பொருத்திய மறுநாள் காலை, திம்பாங் குமாஸ்தா சரஸ் அக்கா போன் செய்தார். பெட்டி விழிக்கவில்லை. லோரிகள் கேட்டுக்கு வெளியே வரை நிற்கின்றன. பழம் வெயிலில் கிடந்தால் கெட்டுவிடும். நானும் ஹாஜாவும் விழுந்தடித்துப் போனோம். வரிசையில் நின்ற சிறுதோட்டக்காரர் ஒருவர், நாங்கள் இறங்கும்போதே கையெடுத்துக் கும்பிட்டார்.

என்ன கோளாறு என்று பார்க்கத் திரையையும் கீபோர்டையும் மாட்டினேன். நாலு தட்டுத் தட்டியதும் பெட்டி எழுந்துவிட்டது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் திரும்பக் கரண்ட் கொடுத்தால் மறுபடியும் தூக்கம். மாட்டினால் எழுகிறது, கழற்றினால் தூங்குகிறது. மூன்றாம் முறை கையைக் கட்டிக்கொண்டு திரையை மட்டும் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. விழிக்கும்போது தகவலைப் பூட்டிவைக்க ஒரு ரகசியச் சாவி செய்யும் பெட்டி, அதற்கு ஒழுங்கில்லாத எண்கள் வேண்டும். அவற்றை மனிதர்கள் கீபோர்டைத் தட்டும் தாறுமாறான இடைவெளியிலிருந்து பொறுக்குகிறது, யாரும் தட்டாவிட்டால் அப்படியே காத்துக் கிடக்கிறது. ஆபீசில் நான் பொறுமையில்லாமல் தட்டிக்கொண்டே இருந்ததால் பிரச்சினையே தெரியவில்லை.

அந்த எண்களைத் தானாகச் சேர்க்க ஒரு சின்ன மென்பொருள் உண்டு. அதைச் சேர்த்துப் புது இமேஜ் கொண்டுவரும்வரை, கீபோர்டை இங்கேயே விட்டுப் போகிறேன், காலையில் அதைக் கொஞ்சம் தட்டிவிடுங்கள் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டேன். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். லோரிகள் நகரத் தொடங்கியிருந்தன. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “பரவால்ல மா, எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான், நாலு தட்டு தட்டாம எந்திரிக்கவே மாட்டாரு.”

என் பெயர்

போன வருஷம் உலு யாமில் என் அம்மா வீட்டில் எனக்கு வளைகாப்பு. இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். அந்த நேரத்தில் ஹாஜா போன். அத்தை போனை என் காதில் வைத்துப் பிடித்தார். அவன் கம்ப்யூட்டரில் இமேஜைக் கட்டவே முடியவில்லையாம். கால்குலேட்டர் உண்டு, பிரதிகள் உண்டு, எல்லாமே உண்டு. ஆனாலும் ஏதோ ஒரு மூலையில், ‘கோமதி’ என்ற என் பெயருள்ள வீட்டை, அதாவது என் கணக்கின் கோப்புறையை, தேடிப் போய்க் காணாமல் நிற்கிறதாம். எப்போதோ அவசரத்தில் என் கம்ப்யூட்டரில் இருக்கும் அந்த வீட்டு முகவரியை அப்படியே ஒரு வரியில் எழுதியிருக்கிறேன்.

அந்த வரி எந்தக் கோப்பில் என்று எனக்கே ஞாபகமில்லை. சந்தனம் பூசிய கன்னத்தோடு, பிறகு தேடிக்கொள்ளலாம், இப்போதைக்கு உன் கம்ப்யூட்டரில் என் பெயரில் ஒரு கணக்குத் திறந்து அதற்குள் போய்க் கட்டு என்றேன். கட்டிவிட்டது. நான் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பும்வரை அவன் தினமும் என் பெயரில்தான் உள்ளே நுழைந்தான். குழந்தையைப் பார்க்க முதலாளியோடு வந்தபோது, பால்மாவு டின்னை நீட்டிக்கொண்டே சொன்னான்: “நீ நிதானமா வா, அதுவரைக்கும் ஆபீஸ்ல நான்தான் கோமதி.”

இப்போதெல்லாம் யாராவது ஒரு மென்பொருளைக் கொடுத்து ‘இது தனியாகவே ஓடும்’ என்றால், கூட எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டுதான் வாசற்கதவைத் திறக்கிறேன்.