டீச்சர் வீட்டு வண்டியின் சத்தம்

கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவரின் வீட்டில், சோபா இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நிற்கும். பகலெல்லாம் கடையில் உட்கார்ந்து ஊராரின் மூக்குக் கண்ணாடிக்கு வில்லை பொருத்துவார். வீடு திரும்பியதும் கிழிந்த சட்டைக்கு மாறி, வண்டியைப் பிரிக்க உட்கார்ந்துவிடுவார். கூலிக்கு அல்ல, ஆசைக்கு.

"ஹால்ல எஞ்சினைப் பரப்பி வெச்சிருந்தா எவன்யா உனக்குப் பொண்ணு குடுப்பான்?" என்று கடை முதலாளி சீண்டுவார்.

"பின் சீட்டு காலியாத்தான் இருக்கு முதலாளி. ஏறத்தான் ஆளில்லை" என்று இவர் சிரிப்பார்.

சிரிப்பெல்லாம் கடையோடு சரி. தங்கைகளை ஒவ்வொருத்தியாகக் கரையேற்றி முடித்தபோது தலை நரைத்துவிட்டது. அவர்கள் ஆளுக்கொரு ஊரில் குடும்பமாகிவிட்டார்கள். துருப்பிடித்த எஞ்சின் ஒன்று இருமி, செருமி, மறுபடி உயிர் பெறும்போது மட்டும் அந்த வீட்டில் இரண்டு பேர் இருப்பதுபோல இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுத்த தெரு டீச்சர் தன் கணவரின் வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். அந்த மனிதர் போன வருஷம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்திருந்தார்.

"அண்ணே, இதை நான் ஓட்டப் போறதில்லை, விக்கவும் போறதில்லை. ஒரே ஒரு தடவை அந்தச் சத்தத்தைக் கேக்கணும். அவர் தெருமுனை திரும்பும்போதே எனக்குத் தெரிஞ்சிடும். அடுப்படியில இருந்தே குரல் குடுப்பேன்."

"கவலைய விடுங்க டீச்சர். புதுசு மாதிரி ஆக்கித் தரேன்."

அந்த ஒரு வார்த்தையில்தான் வினை இருந்தது. இருவருக்கும் அப்போது தெரியவில்லை.

அதன்பின் ஞாயிறுதோறும் டீச்சர் வந்து, "ஆச்சாண்ணே?" என்று எட்டிப் பார்ப்பார். ஒரு காபி குடித்துவிட்டுப் போவார். அதற்காகவே கண்ணாடிக்காரர் இரண்டாவது டம்ளர் ஒன்று வாங்கினார். வேலையை வேண்டுமென்றே இழுத்தார் என்று சொல்லமாட்டேன். அவசரப்படவும் இல்லை.

ஓட்டை விழுந்த சைலன்சரைக் கழற்றி நல்லதாக ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டார். ஆடிக்கொண்டிருந்த மட்கார்டை முடுக்கினார். திணறிய கார்புரேட்டரைச் சுத்தம் செய்து திருகைச் சரியாக வைத்தார். டேங்கில் முகம் பார்க்கலாம், அப்படி மின்னியது.

அந்த நாளும் வந்தது. டீச்சர் கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றார். ஒரே உதையில் எஞ்சின் உயிர் பெற்றது. தாலாட்டுப் போல மெல்லிய ரீங்காரம்! கண்ணாடிக்காரர் பெருமையில் பூரித்துப் போனார்.

"ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே" என்றார் டீச்சர், மூடிய கண்களுடன்.

"ஓடிட்டுத்தானே இருக்கு டீச்சர்?"

டீச்சர் கண்ணைத் திறந்தார்.

"ரொம்ப அழகா இருக்குண்ணே. ஆனா... இது அவர் இல்லை. அவர் வந்தா தகரத்தை உருட்டின மாதிரி தெருவே அதிரும். ரிப்பேர் பண்ணித் தொலையுங்களேன்னு தினம் திட்டுவேன். 'நீ திட்டறதுக்குத் தயாராகணும்ல, அதான் முன்னாடியே சொல்லி அனுப்பறேன்'னு சிரிப்பார்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். வண்டியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். அவர் பழுது பார்க்கவில்லை. ஒரு பெண்ணின் கணவனை இரண்டாம் முறை சாகடித்துவிட்டார்!

நல்லவேளை, பழைய வண்டிப் பைத்தியங்கள் எதையும் தூக்கிப் போடுவதில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்தார். துருப்பிடித்த சைலன்சர் ஓட்டையோடு இருந்தது. அதையே திரும்ப மாட்டினார். மட்கார்டைத் தளர்த்தினார். கார்புரேட்டர் திருகைத் தொட்டபோது கை கூசியது. வாழ்நாளில் ஒரு வண்டியையும் கெடுத்துப் பழக்கமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். எந்தெந்தக் குறையைத் தீர்த்தாரோ அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் வண்டி தடதடவென்று தெருமுனை திரும்பியது. மட்கார்டு கடகடவென்று சேர்ந்து கத்தியது. டீச்சர் வீட்டு வாசலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார்.

"கேட் திறந்துதாங்க இருக்கு! கை கால் கழுவிட்டு வாங்க, காபி ஆறிடப் போகுது!"

அடுப்படியிலிருந்து அந்தக் குரல் தன்னை மறந்து பாய்ந்து வந்தது. அடுத்த கணம் உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. டீச்சர் ஓடி வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டியைப் பார்த்தார். அதன்மேல் இருந்த மனிதரைப் பார்த்தார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"நிறுத்திடாதீங்கண்ணே... இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்."

அவர் நிறுத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குரல் தனக்கானதல்ல என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும், ஒரு வீட்டின் உள்ளிருந்து தன்னை நோக்கி அப்படியொரு குரல் வந்தது இத்தனை வயதில் அதுதான் முதல் தடவை.

பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே திரும்பினார். தெருமுனை திரும்பியது யாருக்கும் கேட்கவில்லை. பூட்டைத் திறந்தார். ஹாலில் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு உள்ளே போய், கை கால் கழுவிக்கொண்டார்.