அழுக்குப் பிரதிகள்

இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தை ஒட்டிய கிளை நூலகம் ஒன்றில் எனிட் தாக்ரே இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றினார். மீன்பிடிக் கப்பல் சமையல்காரரின் மகள், திருமணம் செய்துகொள்ளவில்லை. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய வாரத்திலிருந்து, அரசாங்கம் வீடுகளுக்கு அனுப்பிய துண்டுத்தாள் ஒவ்வொன்றையும் அவர் சேர்த்துவந்தார். சன்னலுக்குக் கறுப்புத் திரை கட்டுவது, நச்சுவாயு முகமூடி அணிவது, உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைப்பது என எதையும் விட்டுவிடவில்லை. குண்டுவீச்சில் வீடுகள் சரிந்தபின், இடிபாடுகளை அகற்றியவர்களும் கையில் அகப்பட்ட தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நூலகத்தின் நிலக்கரி அறையில் பதினொரு தேயிலைப் பெட்டிகள் நிறைந்தன.

1943 மார்ச்சில், ஊரெங்கும் போருக்காகப் பழைய காகிதம் திரட்டிக்கொண்டிருந்தபோது, நூலக மேற்பார்வையாளர் பெட்ச் வந்து பெட்டிகளைப் பார்த்தார்.

"மிஸ் தாக்ரே, ஜனங்க காதல் கடிதத்தக்கூட மூட்டை கட்டிப் போடறாங்க. நாம மட்டும் குவிச்சு வெச்சிருந்தா நல்லாவா இருக்கு? சனிக்கிழமைக்குள்ள பாதிய அனுப்பிடுங்க. இல்லேன்னா மொத்தமும் போயிடும். என்னால தடுக்க முடியாது."

"எந்தப் பாதி சார்?"

"அத நீங்கதான் பாத்துக்கணும்."

அந்த வாரம் மூன்று இரவுகள், குண்டு விழுந்து தீப்பிடித்தால் அணைக்கக் கூரைமேல் காவல் இருந்ததில் எனிட்டின் கண்கள் எரிந்துகொண்டிருந்தன. யோசிக்கத் தெம்பில்லை. நூலக வழக்கம் கைகொடுத்தது: இரண்டு பிரதிகள் இருந்தால் சுத்தமானதை வைத்துக்கொள், அழுக்கானதைக் கழி. அழுக்குப் பிரதிகள் ஒன்பது மூட்டைகளாயின.

சனிக்கிழமை நண்பகலில், குதிரை வண்டிக்காரர் சிரில் ஓம்ப்ளர் இரண்டாம் நடைக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். ஒன்றின் வாய் அவிழ்ந்து தாள்கள் சிதறின.

"லைப்ரரி அம்மா, இதக் கேளுங்க. முட்டை இல்லாம புட்டிங் செய்ய கவர்மென்டு சொல்லிக் குடுக்குது. ஓரத்துல ஒரு பொம்பள எழுதியிருக்கா: 'செஞ்சேன். நாய் மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு.'" அவர் குலுங்கிச் சிரித்தபடி அடுத்ததை எடுத்தார். பதுங்குகுழி பற்றிய தாள் அது. "'ஆல்ஃபி இன்னும் தூங்கல. மூணாவது ராத்திரி.'" சிரிப்பு நின்றது.

எனிட் அதை வாங்கிப் பார்த்தார். தான் வைத்துக்கொண்ட சுத்தமான பிரதியில் ஆல்ஃபி இல்லை.

"மூட்டைங்கள இறக்குங்க, ஓம்ப்ளர்."

"இறக்கவா? ஏத்துனதுலயே முதுகு விட்டுப்போச்சு. அதுவும், அஞ்சு மூட்டை காலையிலயே காகித ஆலைக்குப் போயாச்சும்மா. கூழாக்க ஊற வெச்சிருப்பாங்க."

"மீதி நாலு?"

"இருக்கு. ஆனா எடை கொறஞ்சா என்னத்தான் திருடன்னுவாங்க."

"எடைக்கு எடை தரேன்."

பெட்டிகளிலிருந்து சுத்தமான தாள்கள் வண்டிக்குப் போயின. நான்கு மூட்டைகள் திரும்பி வந்தன. நிலக்கரி அறைப் படியில் எனிட் உட்கார்ந்துவிட்டார். அழவும் சக்தி வேண்டுமே.

"விடுங்கம்மா, சண்டை முடியறதுக்குள்ள கவர்மென்டுக்காரனுங்க இன்னும் எக்கச்சக்கமா அனுப்புவானுங்க," என்றார் ஓம்ப்ளர், கடிவாளத்தைப் பிடித்தபடி.

திங்கட்கிழமை எனிட் ஒவ்வொரு தாளுக்கும் நூலகப் பட்டியல் அட்டை எழுதத் தொடங்கினார். ஓரக்குறிப்பை ஒரு சொல்லும் விடாமல் படியெடுத்தார். எல்லாவற்றுக்கும் முன்னதாக ஓர் அட்டையை வைத்தார்: 'ஐந்து மூட்டைகள். வாசகர் குறிப்புகள் இருந்திருக்கக்கூடும். படித்துப் பார்க்காமல் நான் கழித்தேன்.' தேதியிட்டு, முழுப்பெயரையும் எழுதினார்.