பாலத்துக்கும் லீவு

பாலம் கட்டும் அந்தக் கம்பெனியில் அவருக்குப் பெயரே 'பிளான் அண்ணா'தான். எந்த வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று அட்டவணை போடுவது அவர் பிழைப்பு. அவர் பார்த்துச் சரி சொன்னால்தான் அடுத்த வேலை நகரும். அந்த அட்டவணை ஃபைல்களைத் தன் கம்ப்யூட்டரிலேயே பூட்டி வைத்துக்கொண்டு யாரையும் கிட்டே அண்டவிட்டதில்லை. இப்போது எல்லாவற்றையும் கம்பெனியின் பொது சிஸ்டத்தில் ஏற்றியாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

கம்ப்யூட்டர் பிரிவுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றினாள். இப்போது கட்டிக்கொண்டிருக்கும் பாலத்தின் ஃபைல் மட்டும் முரண்டு பிடித்தது.

"அண்ணா, இதுல உங்க சொந்தக் காலண்டர் இருக்கு. புதன்கிழமை மதியம் பூரா லீவுன்னு போட்டிருக்கீங்க. பொது சிஸ்டம் இதை ஏத்துக்காது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனைவியை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போன மதியங்கள் அவை. அவருக்கு லீவு என்றால் பாலத்துக்கும் லீவு. அவள் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலமும் கடந்துவிட்டது. காலண்டரில் கைவைக்கத்தான் மனசு வரவில்லை. புதன்கிழமையானால் இன்னமும் மதியமே கிளம்பிவிடுவார். எங்கே போகிறார் என்று யாரும் கேட்டதில்லை.

"பொதுக் காலண்டரையே போட்டுடும்மா."

அந்தப் பெண் பட்டனை அழுத்தினாள். திரையில் தேதிகளெல்லாம் சரசரவென்று முன்னால் வந்தன. பின்னால் நின்று பார்த்த மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

"வேலை முன்னாடியே முடியுதே. இவ்வளவு நேரத்தையும் எங்கண்ணா ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"ஆஸ்பத்திரியில, சார்."